46 அங்குல டயரும் ஒரு பிரேக் தகராறும்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த நம் வயதுக்காரர்கள் எல்லோரும் நயாகராவைப் பற்றி எழுதிவிட்டார்கள். நியூயார்க் சிலையைப் பற்றியும் எழுதியாயிற்று. நான் ஒரு ஆக்ஸிலைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். முப்பத்து நாலு வருஷம் பஸ் பணிமனையில் கிரீஸ் கையோடு இருந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பீர்கள்?

மகளும் மாப்பிள்ளையும் இருப்பது டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில் நகருக்குச் சற்று வெளியே. காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் என் மனைவியும்தான். அவளுக்கு டிவி இருந்தது. எனக்கு எதிர்வீடு கிடைத்தது.

எதிர்வீட்டுக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் வீட்டுக் கொட்டகையில் 1980களின் ஷெவ்ரோலே பிக்கப் ஒன்று சக்கரமே இல்லாமல் மரக்கட்டைகளின் மேல் நின்றது. பக்கத்தில் தார்ப்பாய் போட்டு இரண்டு ஆக்ஸில்கள். தூரத்தில் இருந்து பார்த்தபோதே அது கார் ஆக்ஸில் இல்லை என்று தெரிந்துவிட்டது. நடுக் குண்டு நம் பொங்கல் பானையை விடப் பெரிது. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டேன். "பஸ் மெக்கானிக், இந்தியா" என்று என்னை அறிமுகம் செய்துகொண்டேன். அந்தப் பக்கத்து மனிதர்கள் வயதில் பெரியவர்களை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "வாங்க சார், பாருங்க" என்கிற மாதிரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்று முதல் தினமும் என் டியூட்டி அங்கேதான்.

அந்த ஆக்ஸில்களின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் எம்35 என்று ஒரு லாரி. 1950களின் தொடக்கத்தில் ரியோ கம்பெனி செய்ய ஆரம்பித்தது. பிறகு கைசர், ஏ.எம். ஜெனரல் என்று கை மாறி, ஏறக்குறைய அரை நூற்றாண்டு ராணுவத்தில் ஓடியது. காட்டிலும் மேட்டிலும் இரண்டரை டன் சுமக்கும் என்பதால் 'இரண்டரை டன் லாரி' என்றே பெயர். வியட்நாம் போரில் இதன் மேல் இரும்புத் தகடும் துப்பாக்கியும் ஏற்றிக் கான்வாய்க்குக் காவலாக அனுப்பினார்கள். ஆறு சக்கரமும் இழுக்கிற வண்டி. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று மொத்தம் மூன்று ஆக்ஸில். ராணுவம் கழித்துக்கட்டி ஏலம் விட்டதும் அதை வாங்கிப் பிரித்துத் தனித்தனியாக விற்கிறார்கள். மலையிலும் சேற்றிலும் வண்டி ஓட்டிப் பார்க்கிற பைத்தியம் பிடித்தவர்கள் அங்கே நிறைய. அவர்களுக்கு இந்த ஆக்ஸில் என்றால் தங்கம் மாதிரி. 'ராக்வெல்' என்று சொன்னால் போதும், இதைத்தான் சொல்கிறோம் என்று புரிந்துகொள்கிறார்கள்.

தங்கம் என்று ஏன் சொல்கிறேன்? ஒரு ஆக்ஸில் ஏறக்குறைய 300 கிலோ இருக்கும். ஆனால் கனம் மட்டும் காரணம் இல்லை. நம் பஸ்ஸில் பினியன் ஒன்று, கிரவுன் வீல் ஒன்று. அதோடு வேகக் குறைப்பு முடிந்தது. இதில் இரண்டு கட்டம். பினியனும் கிரவுனும் ஒரு முறை குறைக்கும். அங்கிருந்து இன்னொரு ஜோடிப் பல்சக்கரம் மறுபடி குறைக்கும். மொத்தத்தில் பினியன் 6.72 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அதோடு பினியன் குண்டின் நடுவில் இல்லாமல் உச்சியில் இருக்கிறது. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பாறையில் இடிக்காமல் மேலேயே போய்விடும்.

இவர் போட வைத்திருந்த டயரும் ராணுவ டயர்தான். 395/85 ஆர் 20 என்று பக்கத்தில் எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் விட்டம் 46 அங்குலத்துக்குச் சற்று மேல். நம் ஊர் பஸ்ஸின் 10.00-20 டயர் சுமார் 41 அங்குலம்தான். அந்த பிக்கப்புக்குக் கம்பெனி கொடுத்த டயர் 29 அங்குலம். கிழவன் நான் பக்கத்தில் நின்றால் அந்த டயர் என் நெஞ்சுக்கு வந்தது.

இந்த இடத்தில் நம் பையன்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. 29 அங்குலத்தை எடுத்துவிட்டு 46 அங்குலம் போட்டால் சக்கரம் 1.6 மடங்கு பெரிதாகிறது. பழைய ஆக்ஸிலில் கியர் விகிதம் 3.73. டயரை மட்டும் மாற்றினால் அது 2.3 போல ஆகிவிடும். முதல் கியரே இரண்டாம் கியர் போல இழுக்காமல் திணறும், கிளட்ச் கருகும், மெல்லிய ஹாஃப் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடையும். ராணுவ ஆக்ஸிலின் 6.72-ஐ அதே 1.6-ஆல் வகுத்தால் 4.2 வருகிறது. அதாவது அவ்வளவு பெரிய டயர் போட்ட பிறகும் வண்டி முன்பைவிட நன்றாக இழுக்கும். பெரிய டயருக்குப் பெரிய ஆக்ஸில் கேட்பது வெறும் பலத்துக்காக இல்லை, இந்தக் கணக்குக்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. பட்டைக்கு மேல் பட்டை வைத்து வண்டியின் உடம்பை எவ்வளவு உயரத் தூக்கினாலும் ஆக்ஸில் குண்டு இருந்த இடத்தில்தான் இருக்கும். குண்டைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டுமே. 29-க்கு 46 போட்டால் ஆக்ஸிலின் மையம் எட்டரை அங்குலம் உயரும்.

வேலை எனக்குப் பழகிய வேலை. புது பிராக்கெட் வெட்டிப் பற்றவைத்து, பட்டையை உட்கார வைத்து, யூ போல்ட் முறுக்கினோம். வீல் பேரிங்கைக் கழுவி, கையில் கிரீஸை வைத்து உள்ளங்கையால் அழுத்தி நிரப்பிக் காட்டினேன். ஹப் நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கொஞ்சம் தளர்த்தி, பூட்டு வாஷரை மடக்கும் அந்தப் பழைய முறையைப் பார்த்து, "எங்க தாத்தாவும் இப்படித்தான் செய்வார்" என்றார். இடது பக்கச் சக்கர நட்டுக்கு எதிர் மரை. நம் பழைய பஸ்களில் இருந்ததே, அதேதான். நான் இடப்பக்கம் போனதும் ஸ்பேனரைத் தானாகத் திருப்பிப் போட்டதைப் பார்த்துச் சிரித்தார்.

இவ்வளவும் சிநேகமாகப் போனது. பிரேக்கில்தான் தகராறு வந்தது.

ராணுவ ஆக்ஸிலில் சக்கரத்துக்குச் சக்கரம் பெரிய ட்ரம் இருக்கிறது. இவர் நான்கையும் கழற்றி மூலையில் போட்டிருந்தார். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் பினியன் ஷாஃப்ட்டில் ஒரு சின்ன டிஸ்க் போடப் போகிறார். அங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்கு நியாயமும் உண்டு. பினியனில் பிடிக்கும் பிடி கியர் வழியாகச் சக்கரத்துக்கு 6.72 மடங்காகப் போகும், அதனால் சின்ன டிஸ்க்கே போதும். ட்ரம்மின் கனம் மிச்சம். டிஸ்க் உயரத்தில் இருப்பதால் சேறு படாது. செலவும் பாதி.

சேற்று மைதானத்தில் மட்டும் ஓட்டி, அங்கிருந்து டிரெய்லரில் ஏற்றி வருகிறவனுக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். இவர் திட்டம் வேறு. ஒரு மணி நேரத் தொலைவில் ஆலிவர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் விண்ட்ராக் என்று பெரிய மலைக்காடு, முன்பு நிலக்கரி வெட்டிய மலை. காசு கட்டினால் இந்த மாதிரி வண்டிகளை அங்கே ஏற்றலாம். வீட்டிலிருந்து ரோடு வழியாக ஓட்டிக்கொண்டே போய், மலை ஏறி, திரும்பி ஓட்டி வர வேண்டும் என்பது இவர் ஆசை. மனைவியையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு. அந்தச் சின்னப் பெண்ணுக்காக நடு சீட்டில் பெல்ட் வைக்க அளவு எடுத்திருந்தார்.

அந்த அளவைப் பார்த்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆழியாறு மலைப்பாதையைப் பற்றிச் சொன்னேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. 1987-இல் ஒரு நாள் சாயங்காலம், ஆள் நிறைந்த பஸ், மேலே ஏறும் வளைவில் முதல் கியரில் போய்க்கொண்டிருந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் சும்மா உறுமுகிறது, பஸ் நகரவில்லை. ஹாஃப் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. ஒரு பக்கம் முறிந்தால் டிஃபரென்ஷியல் முழுச் சுழற்சியையும் முறிந்த பக்கமே விட்டுவிடும். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவே இல்லை. கியரில் விட்டு நிறுத்தலாம் என்ற பேச்சே இல்லை. பஸ் பின்னால் உருள ஆரம்பித்தது. டிரைவர் கால் பிரேக்கை மிதித்துப் பிடித்தார்; பிரேக் சக்கரத்தில் இருந்ததால் பிடித்தது. கண்டக்டர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். அத்தனை பேரும் இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

பிரேக்டவுன் வண்டியில் புது ஷாஃப்ட்டோடு போனவர்களில் நானும் ஒருவன். பஸ்ஸின் ஆக்ஸில் முழு மிதவை வகை என்பதால் ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் ஹப்பிலேயே நிற்கும், கழன்று போகாது. விளிம்பு நட்டுகளைக் கழற்றி வெளித்துண்டை உருவிவிட்டு, உள்ளே மாட்டிய துண்டைக் கம்பிச் சுருக்குப் போட்டு டார்ச் வெளிச்சத்தில் இழுத்தோம். முறிந்த முகத்தைப் பார்த்தேன். விளிம்பில் பாதி கறுத்துப் பழைய விரிசல், மீதி பளபளவென்று புது முறிவு. பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வெளியில் இருந்து எவனுக்கும் தெரியாது.

"அந்த பஸ்ஸின் பிரேக் நீங்கள் சொல்கிற மாதிரி பினியனில் இருந்திருந்தால், டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் பினியன்தான் நின்றிருக்கும். பஸ் நின்றிருக்காது" என்றேன்.

அவர் மரியாதையானவர். கேட்டுக்கொண்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்ன பதில்களும் சும்மா ஒதுக்கக் கூடியவை அல்ல. இந்த ஷாஃப்ட் உங்கள் பஸ் ஷாஃப்ட்டை விடத் தடிமன், உடையாது என்றார். பாறை இடுக்கில் மாட்டிய 46 அங்குல டயர் எந்த ஷாஃப்ட்டையும் கேட்கும் என்றேன். பின் ஆக்ஸில் போனால் முன் ஆக்ஸிலில் ஒரு டிஸ்க் இருக்கிறதே என்றார். செங்குத்து ஏற்றத்தில் பாரம் முழுக்கப் பின்னால், முன்சக்கரம் தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும், அது எதைப் பிடிக்கும் என்றேன். பணம் சேர்ந்ததும் டிஃபரென்ஷியலுக்கு லாக்கர் போடுவேன், அப்போது ஒரு பக்கம் உடைந்தாலும் மறுபக்கம் பிடிக்கும் என்றார். பிடிக்கும்தான். அப்போது இரண்டு ஷாஃப்ட் தாங்கிய பாரத்தை மீதி ஒன்று தாங்க வேண்டும். அதோடு அந்தச் சின்ன டிஸ்க் சக்கரத்தை விட 6.72 மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் பழுத்துவிடும் என்றேன்.

அன்று பேச்சு அதோடு நின்றது. வீட்டுக்கு வந்ததும் மகள், "அப்பா, அவங்க வீட்டு விஷயத்துல ரொம்பத் தலையிடாதீங்க. இங்கே அது பழக்கம் இல்லை" என்றாள். என் மனைவியும் அதையே சொன்னாள். இரண்டு நாள் நான் ரோட்டைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து கூப்பிட்டார். பின் ஆக்ஸிலுக்குப் பினியன் டிஸ்க் பூட்டி முடித்திருந்தார். ஒரு தடவை பாருங்கள் சார் என்றார்.

ஒரு சோதனை செய்யலாமா என்று கேட்டேன். வலது பின்சக்கரத்தைத் தரையில் வைத்து முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். இடது பின்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் வைத்தோம். அவரை சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். தூக்கி நின்ற சக்கரத்தைப் பிடித்து நான் தள்ளினேன், அசையவில்லை. "பாருங்கள், பிடிக்கிறது" என்றார்.

பிறகு வலது பக்க விளிம்பு நட்டுகளைக் கழற்றி ஹாஃப் ஷாஃப்ட்டை உருவி வெளியே வைத்தேன். அதுதான் முறிந்த ஷாஃப்ட் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். மறுபடி மிதிக்கச் சொன்னேன். அவர் பலம் கொண்ட மட்டும் மிதித்தார். நான் சக்கரத்தைத் தொடவில்லை. அவர் மகள் அங்கேதான் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தாள். "நீ வந்து சுற்று" என்று சைகை காட்டினேன். அவள் தலைக்கு மேல் நின்ற டயரின் பள்ளத்தில் இரண்டு கையையும் வைத்து இழுத்தாள். சுற்றியது. இன்னும் இழுத்தாள். விளையாட்டு ராட்டினம் போல இன்னும் சுற்றியது. "அப்பா, நான் லாரியைச் சுற்றுகிறேன்!" என்று கத்தினாள்.

அவர் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. நானும் ஷாஃப்ட்டைத் திரும்பப் போட்டு நட்டை முறுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை அந்தக் குழந்தை சொல்லிவிட்டது.

மறுநாள் காலை கொட்டகையில் தண்ணீர் பீச்சும் சத்தம். மூலையில் கிடந்த ட்ரம்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். விரிசல் இல்லாத ட்ரம் கோயில் மணி போல ஒலிக்கும். விரிசல் விட்டது ஓட்டைப் பானை போலச் சத்தம் தரும். நான்கில் ஒன்று பானை. அதைத் தள்ளினோம். பின்சக்கரங்களுக்கு நல்ல ட்ரம்களையே புது லைனரோடு போடுவது, முன்சக்கரங்களுக்குச் சக்கரத்திலேயே டிஸ்க் வாங்கிப் போடுவது என்று முடிவாயிற்று. பழைய ராணுவ லாரியில் நான்கு மூலைக்கும் ஒரே பிரேக் குழாய் வரிசை. ஒரு இடத்தில் ஒழுகினால் எல்லாம் போகும். இவர் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று தனித்தனி வரிசை உள்ள மாஸ்டர் சிலிண்டர் வாங்கினார். ஸ்டியரிங்கை முழுக்க எண்ணெய்க் குழாயிலேயே விடும் யோசனையையும் கைவிட்டார். ராடு ராடாகவே இருக்கட்டும், உதவிக்கு மட்டும் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் போதும் என்றார். அதை நான் சொல்லவில்லை, அவராகச் சொன்னது.

செலவு கூடியது. அந்தக் கோடையில் விண்ட்ராக் போவது நடக்கவில்லை. என் ஆறு மாதமும் முடிந்தது. நான் கிளம்பும் நாளில் வண்டி தன் நான்கு சக்கரத்தில் நின்றது, ஆனால் ஓடவில்லை. ஏணி வைத்து என்னை ஏற்றி சீட்டில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். என் மனைவி மட்டும் ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

அடுத்த ஏப்ரலில் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். மலையில் செம்மண் ஏற்றம். பாதி ஏற்றத்தில் வண்டி நிற்கிறது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. உள்ளே இருந்து ஒரு சின்னக் கை வெளியே ஆட்டுகிறது. எல்லோரும் அதைப் பார்த்து "எப்படி ஏறுது பாருங்க" என்றார்கள். நான் நின்ற இடத்தை மட்டும் நாலு தரம் ஓட்டிப் பார்த்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம், நம் பக்கத்துப் பையன்களும் பழைய ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டி மலைக்குக் கிளம்புகிறார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்தை விடுங்கள், கணக்கைச் சொல்கிறேன். டயர் 1.6 மடங்கு பெரிதானால், முன்பு ரோட்டில் 100 கிலோ பிடித்த அதே பிரேக் இப்போது 62 கிலோதான் பிடிக்கும். டயர் விற்பவர் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்று. பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் இருக்கிறது. பஞ்சர் என்று சரிவில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி நகரும். தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும், தரையில் இருப்பது உருளும். ஜாக்கியில் இருந்து வண்டி சரிந்து அடியில் இருப்பவன் மேல் விழும். அதனால் வீட்டில் ஜீப் வைத்திருக்கும் பேரன்களிடம் சொல்லுங்கள்: ஜாக்கியை எடுக்கும் முன் கல்லை எடுக்க வேண்டும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கொடுத்துவிட்டுத்தான் குனிய வேண்டும். அந்தக் கல்லுக்குக் காசு கிடையாது, ரோட்டோரத்திலேயே கிடக்கும்.